காலியாகத் திரும்பாத கேரியர்

கடைப் படியில் செருப்பை விட்டுவிட்டு வந்து நின்றாள் வளர்மதி. என் ஒரே தங்கை. சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலை நகரில் மெஸ் நடத்துகிறாள். அன்று வெள்ளிக்கிழமை காலை. திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவில் பூ வாங்க வந்த கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்திருந்ததால் முகமெல்லாம் வியர்வை. அவளுக்காக வழக்கம்போல ஒரு கட்டு தனியாக எடுத்து வைத்திருந்தேன். சாம்பாருக்கு ஒரு கவர், ரசத்துக்கு ஒரு கவர், பொரியலுக்குச் சின்னக் கவர், எல்லாவற்றையும் போட்டுத் தூக்கிப்போகக் கைப்பிடி வைத்த பை, மேலே ஒரு பாக்கெட் ரப்பர் பேண்ட்.

அவள் கட்டைத் தொடவில்லை.

“இனிமே கவர் வேணாண்ணா. எல்லா வீட்டுக்கும் எவர்சில்வர் கேரியர்லயே குடுத்துடலாம்னு இருக்கேன்.”

முதலில் சிரித்தேன். “யாரு கழுவறது?”

“நான்தான்.”

“யாரு தூக்கறது?”

“அவருதான்.” அவர் என்றால் அவள் கணவர் பழனி. மொபெட்டில் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பவர்.

“கேரியர் வாங்கியாச்சா?”

“அறுவது வாங்கிட்டேன்.”

சிரிப்பு நின்றது. வாங்கிய பிறகு வந்து சொல்கிறாள் என்றால் கேட்க வரவில்லை, சொல்லிவிட்டுப் போக வந்திருக்கிறாள்.

“வாசன வருதுண்ணா,” என்றாள் தயங்கித் தயங்கி. “கொதிக்கிற சாம்பார கவர்ல ஊத்தறப்ப ஒரு மாதிரி வாசன. தெனம் ஊத்தறவ, எனக்குத் தெரியும். நம்ம வீட்டுப் புள்ளைங்களுக்கு அப்படிக் குடுப்பேனா? மாட்டேன். அப்ப மத்தவங்களுக்கு மட்டும் எப்படிக் குடுக்கறது?”

இதற்கு நல்ல பதில் என்னிடம் இல்லை. நல்ல பதில் இல்லாதபோது எனக்குக் கோபம் வரும். எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான்.

“அண்ணன் வயித்துல அடிச்சிட்டுதான் ஊரத் திருத்தணுமா உனக்கு? கடை தெறந்தப்ப மொதக் கட்டு வாங்கினவ நீ. நீயே வேணான்னா மத்த ஓட்டல்காரன் எல்லாம் என்னா சொல்லுவான்? போ. இனிமே அண்ணன்னு சொல்லிகிட்டு இந்தக் கடைப் படி ஏறாத.”

வாங்க வந்த இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் எதிரிலேயே சொன்னேன். வளர்மதி செருப்பை மாட்டிக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் நடந்தாள். கூப்பிட்டிருந்தால் நின்றிருப்பாள். நான் கூப்பிடவில்லை.

இந்தப் பத்திரிகையில் நான் எழுதும் தொடரின் சென்ற வாரத்து அத்தியாயத்தைப் படித்துவிட்டு என் மனைவி செல்வி, “உங்க கதைய நீங்களே எழுதினா நீங்க நல்லவராத்தான் இருப்பீங்க மாமா,” என்று கிண்டலடித்தாள். அதற்காகவே இந்த வாரம் இதை எடுத்தேன்.

கவர் மாமா

எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு நான் கவர் மாமா. பெயர் ராமலிங்கம் என்று எத்தனை பேருக்குத் தெரியும் என்பது சந்தேகம்தான். பார்சல் கட்டும் சாமான் எதுவானாலும் என் கடை. கவரைக் கண்ணால் பார்க்க வேண்டாம், இரண்டு விரலில் வைத்துத் தேய்த்தால் போதும், சுடச்சுட ரசம் தாங்குமா பொத்துக்கொள்ளுமா என்று சொல்லிவிடுவேன். இதையெல்லாம் ஒரு திறமை என்று நினைத்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி நடந்தவன்.

அரசாங்கம் பிளாஸ்டிக்குக்குத் தடை போட்டது. மெல்லிசுக் கவரை நிறுத்தினேன். தடிப்புக் கவரை எடுத்தேன். துணி மாதிரி இருக்கும், துணி இல்லாத பையை எடுத்தேன். யாராவது கேட்டால் “இது வேற ரகம்” என்பேன். என்ன ரகம் என்று எனக்கே தெரியாது.

ஒரு மழைக்காலத்தில் கடை வாசல் சாக்கடை அடைத்துக்கொண்டு தெருவெல்லாம் தண்ணீர். தூய்மைப் பணியாளர்கள் கம்பி விட்டு இழுத்தார்கள். வந்ததெல்லாம் கவர். அதில் பாதி என் கடைப் பெயர் அச்சடித்தது. விளம்பர ஆசையில் நானே காசு கொடுத்து அடித்த கவர்கள்தான். இழுத்தவர் ஒன்றை உதறி எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, “இது உங்க கடதானா சார்?” என்று என்னையே கேட்டார். இல்லை என்று சொல்லவும் முடியாது, தலைக்கு மேலே போர்டு தொங்குகிறது. டீ வாங்கிக் கொடுத்துச் சமாளித்தேன். டீயும் கவரில்தான் வந்தது. அவர் அந்தக் கவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குடித்தார்.

கவருக்கு முன்னால் எனக்கு வேறு தொழில் இருந்தது. இளவட்டத்தில் ஒரு பாத்திரக் கடையில் பேர் வெட்டுகிறவனாக இருந்தேன். கையில் பேனா மாதிரி ஒரு மிஷின், ‘ட்ர்ர்ர்’ என்று அதிரும். எவர்சில்வர் மேல் வைத்து இழுத்தால் எழுத்து விழும். கல்யாண சீசனில் சாப்பிடக்கூட நேரம் இருக்காது.

ஒரு முறை, பெண் வீட்டார் வாங்கிய அண்டாவில் அவசரத்தில் மாப்பிள்ளையின் அப்பா பெயரை வெட்டிவிட்டேன். கல்யாணம் முடிந்து பத்து நாளில் இரண்டு குடும்பமும் கடை வாசலில். “எங்க காசுல வாங்கினது” என்கிறார்கள் இவர்கள். “எங்க பேரு போட்டிருக்குது” என்கிறார்கள் அவர்கள். முதலாளி புது அண்டா கொடுத்து அனுப்பினார். பழைய அண்டா பெயர் போட்டவர் வீட்டுக்கே போயிற்று. அத்தோடு அந்த வேலையும் போயிற்று.

தூது வந்த மச்சான்

வளர்மதி போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. போன் இல்லை. நானும் அடிக்கவில்லை. செல்வி மட்டும் என் காதில் விழும்படி அவளோடு போனில் பேசுவாள். “ஆமா, உங்க அண்ணன் நல்லாத்தான் சாப்பிடறாரு, ஒரு கொறச்சலும் இல்ல.” நான் கேட்காத மாதிரி பேப்பரைப் புரட்டுவேன். உண்மையில் எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்பா அம்மா போன பிறகு எனக்கென்று பிறந்த வீட்டில் மிச்சம் இருப்பது அவள் ஒருத்திதான்.

அப்புறம் ஒரு நாள் பழனி வந்து நின்றார்.

“வளருக்குத் தெரியாது மச்சான். தெரிஞ்சா என்னையும் சேத்து வெளிய அனுப்பிடும். ஒரு வாரத்துக்கு மட்டும் கவர் குடுங்க.”

“கேரியர் என்னா ஆச்சி?”

“அறுவதுல பதினொன்னுதான் மெஸ்ல இருக்குது. முப்பது எடத்துக்கு பதினொன்ன வச்சிகிட்டு நான் என்னா பண்றது? நாலு நாளா பாதி வீட்டுக்கு ‘இன்னிக்கு சாப்பாடு இல்லீங்க’ன்னு போன் பண்ணுது. இப்படியே போனா ஆளுங்க வேற மெஸ்ஸுக்குப் போயிடுவாங்க. கவர் வாங்கலாம்னு சொன்னா, ‘மெஸ்ஸ மூடினாலும் மூடுவேன், கவர் மட்டும் வாங்க மாட்டேன்’னு நிக்குது.”

“எடுத்து வச்சிக்கிறாங்களா?”

“சேச்சே. எல்லாம் நல்ல ஜனங்க. அதான் கஷ்டமே. கேரியரக் கேட்டா, ‘காலியா எப்படிங்க குடுக்கறது, ஏதாவது செஞ்சி வச்சித் தரேன், நாளைக்கு வாங்க’ங்கறாங்க. நாளைக்குப் போனா இன்னும் செய்யல. அதுக்குள்ள இன்னொரு கேரியர் போயிடுது. இப்ப ரெண்டுத்துக்கும் சேத்து செய்யணும்னு இன்னும் ரெண்டு நாள் தள்ளிப் போடறாங்க.”

நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து ஜவுளிக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். நம் ஊரில் அடுத்த வீட்டுப் பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்க யாருக்கு மனசு வரும்? ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு கைப்பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்போம். எந்த அதிகாரியும் தடுக்காத, எந்தக் கவர் கம்பெனியும் எதிர்க்காத ஒரு நல்ல காரியத்தை இந்த மரியாதை வந்து கவிழ்த்துவிட்டதே என்று எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

சந்தோஷப்பட்டேன். மறைக்கப் போவதில்லை. “நீங்க போங்க மச்சான். நாளைக்கு நானே கட்டக் கொண்டாறேன்,” என்றேன். உதவி செய்ய அல்ல. அந்தக் கட்டை வளர்மதி கண்ணெதிரில் மேஜைமேல் வைக்க வேண்டும், அப்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

ஸ்டெல்லா டீச்சரின் ஃப்ரிட்ஜ்

மறுநாள் காலை பாசஞ்சரில் கவர் கட்டோடு ஏறி, சிதம்பரத்தில் இறங்கி, மெஸ்ஸுக்குப் போனேன். வளர்மதி அடுப்படியில் இருந்தாள். நான் வைத்த கட்டைப் பார்த்தாள். முகத்தில் நான் எதிர்பார்த்தது எதுவும் தெரியவில்லை. கணவரைப் பார்த்து, “வந்தவங்களுக்கு இட்லி வேணுமான்னு கேளுங்க,” என்றாள்.

“வேணும்னு சொல்லுங்க,” என்றேன் நான்.

பழனி பாவம். நான்கு அடி தூரத்தில் நிற்கும் இரண்டு பேருக்கு நடுவில் தந்தியாபீஸ் மாதிரி நின்றார்.

சாப்பிட்டுவிட்டு, “சும்மா ஒரு ரவுண்டு வரேன்” என்று மொபெட்டில் அவர் பின்னால் தொற்றிக்கொண்டேன். முதலில் ஒரு மாணவர் லாட்ஜ். கேட்பதற்கு முன்பே ஜன்னல் வழியாக நாலு கேரியர் வந்தன. காலி. கழுவக்கூட இல்லை, அடியில் ரசம் காய்ந்து ஒட்டியிருந்தது. மரியாதை தெரியாத இடத்திலிருந்துதான் பாத்திரம் ஒழுங்காகத் திரும்புகிறது என்று குறித்துக்கொண்டேன்.

அடுத்தது ஸ்டாஃப் குவார்ட்டர்ஸ். ஒரு வீட்டில் மூடி மூடாத அளவுக்கு முருங்கைக்கீரையைத் திணித்துக் கொடுத்தார்கள். இன்னொரு வீட்டில் அரைத் தேங்காயும் ஆறு எலுமிச்சையும். ஒரு அம்மா கதவையே பாதிதான் திறந்தார். “அதிரசத்துக்கு மாவு இப்பதான் ஊறுது, வியாழக்கெழம வாங்களேன்,” என்று கெஞ்சினார், ஏதோ நாங்கள் வட்டி வசூலிக்க வந்தது போல.

கடைசியாக ஸ்டெல்லா டீச்சர் வீடு. ஓய்வு பெற்றுத் தனியாக இருப்பவர். அவர் ஃப்ரிட்ஜின் தலையில் நாலு கேரியர், கண்ணாடியாகத் தேய்த்து வரிசையாக உட்கார்ந்திருந்தன.

“கேக் போட்டு வச்சிக் குடுக்கலாம்னு இருக்கேன். முட்ட வாங்க மறந்து மறந்து போயிடுது,” என்றார்.

“காலியாவே குடுங்க டீச்சர்,” என்றேன். “அங்க பாத்திரம் இல்லாம சமையலே நிக்குது.”

“என்னா பேசறீங்க? இந்த வீட்லேந்து ஒரு பாத்திரம் காலியா வெளிய போனதில்ல. அந்தப் பொண்ணு மொகத்துல நான் எப்படி முழிக்கறது?”

சொல்லிவிட்டு உள்ளே போனவர், கையில் ஒரு தூக்கோடு வந்தார். “பழனி, போற வழிதானே, இத அந்த இட்லி மாவுக் கடையில குடுத்துடுங்க. சாயங்காலம் நான் போயி மாவோட வாங்கிக்கறேன்.”

தூக்கை வாங்கி ஆட்டிப் பார்த்தேன். உள்ளே ஒன்றும் இல்லை.

“டீச்சர், இது காலியா போகுதே?”

“இது என் பாத்திரம்யா,” என்றார், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வது போல. “என் பாத்திரம் காலியா போனா யாருக்கு என்னா கொறச்சல்?”

ஃப்ரிட்ஜ் மேலிருந்த கேரியர்களைத் திரும்பிப் பார்த்தேன். நாலு மூடியிலும் பளிச்சென்று வெட்டியிருந்தது: வளர்மதி மெஸ். காணாமல் போய்விடுமோ என்ற பயத்தில் அறுபதிலும் பெயர் வெட்டி வைத்திருக்கிறாள். அவள் பெயரைப் பார்க்கும்போதெல்லாம் இவர்களுக்கு அடுத்தவள் பாத்திரம் என்று உறுத்துகிறது. சந்தேகமே இல்லாமல் இவள் என் தங்கைதான். நானும் பெயரை மாற்றி வெட்டித்தான் வேலையைத் தொலைத்தேன்.

அடிக்கச் சொல்லுங்க

மெஸ்ஸுக்குத் திரும்பியதும் பழனியிடம் சொன்னேன், அவளுக்கும் கேட்கும்படி. “கேரியர்ல உங்க பேரு இருக்கற வரைக்கும் அது உங்க வீட்டுப் பாத்திரம் மச்சான். வீட்டுக்கு ரெண்டு ரெண்டா பிரிச்சி, அவுங்கவுங்க பேர வெட்டிக் குடுத்துடுவோம். அப்ப அது அவுங்க பாத்திரம். நாம மாவுக் கடைக்காரன் மாதிரி, ரொப்பித் தர ஆளு. காலியா குடுக்க யாரும் கூச்சப்பட மாட்டாங்க.”

அடுப்படியிலிருந்து கேள்வி வந்தது. “அவுங்க பேரையே போட்டுட்டா, அவுங்களே வச்சிக்க மாட்டாங்களான்னு கேளுங்க.”

“வச்சிகிட்டா சோறு எதுல வரும்னு கேளுங்க.”

குழம்பை இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது. அவள் சேர்த்ததையெல்லாம் போட்டு வாங்கிய பாத்திரங்கள். அவற்றைத் தன்னுடையது இல்லை என்று தானே எழுதிக் கொடுக்கச் சொல்கிறேன். அதுவும் யார் சொல்வது? ஒரு மாதம் முன்னால் படி ஏறாதே என்று விரட்டியவன்.

கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். இருந்த கேரியர்களில் ஒன்றை எடுத்து, மூடியைக் கழற்றி என் எதிரில் வைத்தாள்.

“அடிக்கச் சொல்லுங்க.”

சன்னதித் தெருப் பாத்திரக் கடை ஒன்றில் பேர் வெட்டும் மிஷினை இரவல் வாங்கி வந்தேன். எத்தனையோ வருடம் கழித்துப் பிடிக்கிறேன். முதல் வேலை அவள் பெயரை அடிப்பது. குறுக்கும் நெடுக்குமாக ஓட்டி ‘வளர்மதி மெஸ்’ஸை மறைத்தேன். கூடப் பிறந்தவள் பெயரைக் கையால் அடிக்கிற வேலை எந்த அண்ணனுக்கும் வேண்டாம்.

“உங்க பேர் வெட்டித் தரத்தான் கேக்கறோம்” என்றதும் வீடுகளிலிருந்து கேரியர்கள் ஓடி வந்தன. ஸ்டெல்லா டீச்சர், “எம்.ஏ., பி.எட். போடறதுக்கு எடம் இருக்குமா?” என்று ஆள் சொல்லி அனுப்பினார். போட்டேன். ஒரு வீட்டில் யார் பெயர் என்று மாமியாருக்கும் மருமகளுக்கும் பேச்சு வந்து, ஆளுக்கொரு கேரியர் என்று முடிந்தது. லாட்ஜ் பையன்கள் ரூம் நம்பரோடு ஒரு பட்டப்பெயரும் கொடுத்தார்கள். அதை இங்கே எழுத முடியாது.

பலித்ததா? ஜாஸ்தியாகவே பலித்துவிட்டது. ஒரே வாரத்தில், பழனி போய் ஹாரன் அடிப்பதற்குள் கேரியர் வாசலில் இருந்தது, காலியாக, கழுவி. புதுத் தலைவலியும் வந்தது. “எங்க கேரியர்ல நசுங்கல் விழுந்திருக்குதே, யாரு கீழ போட்டது?” என்று போன். “நேத்து வேற யாரோ கேரியர்ல சோறு வந்துச்சி, எங்களுது எங்க போச்சி?” என்று இன்னொரு போன். மாமியார் கேரியரில் வரும் நாளில் அந்த மருமகளுக்குக் குழம்பில் உப்பு கம்மியாக இருக்கிறதாம்.

என் கடையையும் சொல்லிவிடுகிறேன். கொண்டுபோன கட்டு பிரிக்காமலே ஊர் திரும்பியது. இன்றைக்குக் கடையில் முக்கால்வாசி எவர்சில்வர் தட்டும் டம்ளரும். காதுகுத்து, வளைகாப்புக்கு வாடகைக்கு விடுகிறேன். ஓட்டல்காரர்களுக்குத் தூக்கு, கேரியர், பேர் வெட்டி. ஒரு ஓரத்தில் கொஞ்சம் கவரும் இருக்கிறது. இல்லை என்று சொன்னால் செல்வி இந்தப் பத்திரிகைக்கே கடிதம் எழுதிவிடுவாள்.

சொல்லாமல் விட்டது

முடிவைச் சொல்லிவிட்டேன். ஆனால் பெயர் வெட்டிய இரண்டாம் நாள் மத்தியானத்தைத் தாண்டிக் குதித்துவிட்டேன். வேண்டுமென்றேதான் குதித்தேன்.

பழனி மீதிக் கேரியர்களைக் கொண்டுவரப் போயிருந்தார். மெஸ்ஸில் நாங்கள் இரண்டு பேர்தான். அதுவரை எல்லாப் பேச்சும் அவர் வழியாகவே போய் வந்துகொண்டிருந்ததால், இப்போது எப்படிப் பேசுவது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. நான் தரையில் உட்கார்ந்து வெட்டிக்கொண்டிருந்தேன். அவள் எதிரில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். மூலையில் கவர் கட்டு.

ஒரு மூடி முடிந்து மிஷினை நிறுத்தினேன்.

“அந்தக் கட்ட எதுக்குத் தூக்கிட்டு வந்த?” என்றாள். நேராக என்னைப் பார்த்து.

அவசரத்துக்கு உதவட்டும் என்று கொண்டு வந்தேன் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனியில் வந்துவிட்டது. ஆனால் மடியில், அவள் பெயரை நானே அடித்த மூடி கிடந்தது.

“நீ தோத்துப் போனதப் பாக்கலாம்னு வந்தேன்.”

அவள் கோபப்படவில்லை. கீரையை உருவிக்கொண்டே இருந்தாள். “தெரியும். உள்ள நொழையறப்பவே மூஞ்சில எழுதியிருந்துச்சி.”

“அன்னிக்கு நாலு பேர் முன்னாடி உன்ன அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது வளரு.”

கை நின்றது. குனிந்த தலை நிமிரவில்லை.

“நான் வேணான்னது கவரத்தாண்ணா,” என்றாள். “உன்ன எப்ப வேணான்னேன்?”

எனக்குப் பதில் வரவில்லை. இந்த முறை கோபமும் வரவில்லை. அடுத்த மூடியை இழுத்து மடியில் வைத்து மிஷினைப் போட்டேன். அந்தச் சத்தத்தில் மூக்கை உறிஞ்சினால் கேட்காது என்று நினைப்பு. கேட்டிருக்கிறது. வளர்மதி எழுந்து போய்த் தட்டில் சோற்றைப் போட்டுக் கொண்டுவந்து முன்னால் வைத்துவிட்டு, மிஷினின் ஒயரைப் பிடுங்கினாள்.

“மொதல்ல சாப்பிடு. அப்பறம் அழுவலாம்.”